நக்கீரர் அளந்த நாழி

உ.வே. சாமிநாதையர் 1894 இல் அச்சேற்றிய புறநானூற்றின் 189 ஆம் பாட்டைத் தமிழ் மேடைகளில் கேளாதார் அரியர். உலகனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆளும் வேந்தனுக்கும், இரவும் பகலும் துயிலாது விலங்கின் பின் அலையும் கல்லாத வேட்டுவனுக்கும் உணவு ஒரு நாழி, உடை இரண்டு என்று கணக்கிட்டவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். (எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி என்பதை இளையோர்க்காகச் சொல்லி வைக்கிறோம்.) ஆடம்பரத்தைக் கடிய நேரும்போதெல்லாம் இப்பாட்டை எடுத்துக்காட்டி எளிமை போதிப்பது நம் வழக்கம். அவ்வளவுதானா அதன் பொருள்?

இது வறுமையில் பிறந்த பாட்டன்று. கி.பி. முதல் நூற்றாண்டினரான ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தைத் தம் பேரரசிலிருந்து கவர்ந்து செல்வதாகக் குறைபட்டு எழுதினார். அவ்வாணிகத்தின் வழி வந்த ரோமானியக் காசுகள் கொங்கு மண்ணில் குவியலாகக் கிடைத்துள்ளன. கன்னட நாட்டுச் சந்திரவள்ளியிலும் கிடைத்துள்ளன. சங்கப் புலவர் அறிந்த உலகம் பொன் புழங்கிய உலகம்.

நக்கீரரோ அச்செல்வத்தை அரண்மனைக்குள்ளேயே கண்டவர். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையும் அவர் பாடியதென்பது மரபு. அதில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. நாற்பது ஆண்டு நிறைந்த யானையின் கொம்பால் இயன்ற கட்டில் கிடக்கிறது. ஆயின் அக்கட்டிலில் இருக்கும் அரசி, கணவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து, மாசு படிந்த எளிய ஆடையுடன் கண்ணீர் உகுக்கிறாள். அரசனோ பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறித் திரிகிறான். அங்கே அவன் வெண்குடை செய்யும் வேலை தூறலை மறைப்பது மட்டுமே! புறப்பாட்டின் உறங்காத வேட்டுவனையும் நெடுநல்வாடையின் உறங்காத வேந்தனையும் அருகருகே நிறுத்தினால், இருவரையும் ஒப்பிட நக்கீரர்க்கு எங்கிருந்து துணிவு வந்தது என்பது விளங்கும்.

இனி, பாட்டின் முடிவு. குறைவாக உண் என்றோ உடு என்றோ புலவர் யாரிடமும் சொல்லவில்லை. தேவை இருவர்க்கும் ஒன்றாயின் எஞ்சும் செல்வம் எதற்கு என்பதே வினா. பிறர்க்கு வழங்குவதற்கு என்கிறார். நாமே நுகர்வோம் என்று எண்ணினால் கைநழுவுவன பல என்கிறார். எனவே இது துறவியின் பாட்டன்று. கையில் சிறிது மிஞ்சியவரை நோக்கிய பாட்டு. இத்துறைக்குப் பொருண்மொழிக்காஞ்சி என்று பெயர்.

நம் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இரவு முறை, பகல் முறை என்று உழைப்போர்க்கு அவ்வேட்டுவன் அயலான் அல்லன். பக்கத்து மேட்டகள்ளியில் 1996 முதல் ரூபாய்த் தாள்கள் அச்சாகின்றன. அதனால் நமது நாழி பெருத்துவிடவில்லை. பெருத்தவை தவணைகளே.

நழுவுவன எவையென்று புலவர் பட்டியல் தரவில்லை. ஆயினும் ஒன்றை நாம் அறிவோம். ஒற்றை அறைக் குடியிருப்பில் வாழ்ந்த நாளில், ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவினர் பிள்ளைக்கு மாதக்கணக்கில் பாய் விரித்து இடம் கொடுத்தோம். இன்று மூன்று அறை வீடு கட்டியிருக்கிறோம்; வருகிற பிள்ளைக்கு விடுதி விசாரித்துச் சொல்கிறோம்.