பெரியப்பாவின் செருப்பு

என் பெரியப்பாவுக்குப் பெருநோய் வந்து குணமானது. குணமான பிறகும் ஊரில் அவர் குஷ்டக்காரன்தான். அதற்கு முன்னால் ஊர் அவரைக் கூப்பிட்டது சாதிப் பேரைச் சொல்லி.

வெள்ளைக்காரன் 1898இல் குஷ்டரோகிகள் சட்டம் என்று ஒன்று போட்டான். பிச்சையெடுக்கிற, பிழைக்க வழியில்லாத நோயாளியை வாரன்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம். பணமுள்ள நோயாளி வீட்டுக்குள்ளே இருந்துகொள்ளலாம். உள்ளாட்சி விதி போட்டுத் தடுத்த பொதுக்கிணற்றில் நோயாளி தண்ணி எடுக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்க சேரிக்கு எந்தப் பொதுக்கிணறு இருந்தது, புதுசாத் தடுக்க? அந்தச் சட்டத்தை 2016இல்தான் நீக்கினார்கள்.

1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி செத்த கையும் காலும் சூடும் காயமும் பட்டுத்தான் அழிகின்றன என்று கண்டார். தசைநாரை மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு போனவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கைக்கு எவனும் பிச்சை போடலை, வேலையும் தரலை என்றார்களாம். கையைச் சரிபண்ணினால் போதாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. 1951இல் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள்.

பெரியப்பா டாப்சோன் காலத்து ஆள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் விரலை நிமிர்த்தி, எம்.சி.ஆர். செருப்பு கொடுத்து அனுப்பினார்கள். மெத்துமெத்தென்ற ரப்பர், குத்திவிடும் என்று ஆணியே அடிக்காமல் செய்தது. வெறுங்காலோடு ஒரு அடிகூட நடக்காதே என்று பத்துத் தடவை சொன்னார்களாம்.

மரப்பட்டறை வேலைக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். ஊர்த்தெருவில் எங்க ஆள் செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டுப் போகணும். ஆஸ்பத்திரிச் செருப்புன்னு சொல்லிப் பார்த்தார். "எந்தச் செருப்பா இருந்தா என்னடா, கழட்டு." கழட்டினார். உணர்ச்சியில்லாத காலுக்கு முள்ளும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது. பெரியம்மா தினம் ராத்திரி சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பாதத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் பார்க்க விட்டுப்போச்சு. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தப் புண் ஆறின பிறகு அவர் ஊர்த்தெருப் பக்கமே போகவில்லை. ஏரிக்கரை மேலே சுத்திப் போனா ரெண்டு மைல் கூடுதல். விடியறதுக்கு முந்தியே கிளம்பிவிடுவார், செருப்புக்காலோடு.