துணை அட்டைதாரர்

துணை அட்டைதாரர் என்பவர், இன்னொருவருடைய கிரெடிட் கார்டு கணக்கில் தன் பெயர் பொறித்த கார்டை வைத்துக்கொண்டு செலவு செய்ய வங்கியின் அனுமதி பெற்றவர். இவர் கையில் இருப்பதை இந்திய வங்கிகள் 'ஆட்-ஆன் கார்டு' என்கின்றன. அமெரிக்காவில் இவருக்கு 'ஆத்தரைஸ்டு யூசர்' என்று பெயர். செலவழிக்கும் உரிமை இருவருக்கும் உண்டு. பில்லைக் கட்டும் பொறுப்பு பொதுவாக முதன்மை அட்டைதாரர் ஒருவருக்கே. பார்வைக்குக் குடும்ப வசதிக்கான சிறு ஏற்பாடுதான். ஆனால் அமெரிக்காவில் இதன் வரலாற்றைப் புரட்டினால், திருமணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் கடன் வாங்கும் தகுதி உண்டா என்ற பழைய வழக்கு உள்ளே இருக்கிறது.

அங்கே ஒருவரைத் துணை அட்டைதாரராகச் சேர்ப்பது மிக எளிது. முதன்மை அட்டைதாரர் வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் போதும். சில வங்கிகள் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்கும். சேர்க்கப்படுபவரின் வருமானத்தையோ பழைய கடன்களையோ வங்கி ஆராய்வதில்லை, ஏனெனில் பணத்தை அது அவரிடம் கேட்கப்போவதில்லை. கடன் வரம்பு இருவருக்கும் பொது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற சில நிறுவனங்கள் துணை அட்டைக்குத் தனி உச்சவரம்பு வைக்க அனுமதிக்கின்றன. பல வங்கிகளில் அந்த வசதி இல்லை. அங்கே துணை அட்டைதாரர் நினைத்தால் மொத்த வரம்பையும் ஒரே நாளில் காலி செய்துவிடலாம்.

அப்படி ஒன்று நடந்தால் யார் பொறுப்பு? இதற்கு அலபாமா மாநில நீதிமன்றம் 1978-இல் சொன்ன பதிலை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருந்த ஒருவர், 1975 ஏப்ரலில் தன் தொழில் கூட்டாளியிடம் கார்டைக் கொடுத்தார். 500 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். கணக்கில் 1,000 டாலருக்கு மேல் அனுமதிக்க வேண்டாம் என்று நிறுவனத்துக்கும் முன்பே கடிதம் எழுதியதாகச் சொன்னார். ஜூன் மாதம் வந்த கணக்கில் சுமார் 5,300 டாலர் பாக்கி. திருட்டுப் பயன்பாட்டுக்கு அட்டைதாரரின் பொறுப்பு 50 டாலர் மட்டுமே என்ற கூட்டாட்சிச் சட்டம் தன்னைக் காப்பாற்றும் என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏமாற்றோ மிரட்டலோ திருட்டோ இல்லாமல், மனமுவந்து கார்டை ஒருவரிடம் கொடுத்தபோதே அனுமதியும் கொடுத்தாயிற்று. வாய்வழி வரம்பு அவர்கள் இருவருக்குள் இருந்த பேச்சு என்பதே தீர்ப்பின் சாரம். பிள்ளையிடமோ நண்பரிடமோ 'பார்த்துச் செலவு பண்ணு' என்று சொல்லிக் கார்டை நீட்டுகிற எவரும் நினைவில் வைக்க வேண்டிய வழக்கு இது.

கூட்டுக் கணக்கு இதிலிருந்து வேறுபட்டது. அதில் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள், இருவரின் வருமானமும் பார்க்கப்படுகிறது, கடன் முழுவதற்கும் இருவருமே பொறுப்பு. அமெரிக்காவின் பெரிய வங்கிகள் பலவற்றில் இந்த வகைக் கார்டு இப்போது கிடைப்பதில்லை. பிரிட்டனில் அறவே கிடையாது. ஆகவே கணவன் மனைவி ஒரே கார்டு கணக்கைப் பயன்படுத்த வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒருவர் முதன்மையாகவும் மற்றவர் துணையாகவும்தான் இருந்தாக வேண்டும். யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதில்தான் பழைய கதை தொடங்குகிறது.

1970-களின் தொடக்கம்வரை அமெரிக்கப் பெண்கள் கடன் கேட்டுப் போனால், திருமணமானவர்களிடம் கணவரின் கையெழுத்தைக் கேட்பது சாதாரண நடைமுறை. மனைவி கைநிறையச் சம்பாதித்தாலும், குழந்தை பெற்று வேலையை விட்டுவிடுவாள் என்ற அனுமானத்தில் அவளுடைய சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்ட வங்கிகள் இருந்தன. டிபார்ட்மென்ட் ஸ்டோர் கார்டுகள் 'திருமதி' என்ற அடைமொழியோடு கணவரின் முழுப்பெயரைத் தாங்கி வந்தன. பில்லை மாதம் தவறாமல் கட்டியது மனைவியாக இருந்தாலும், ஒழுங்காகக் கடனடைத்தவர் என்ற நற்பெயர் கணவரின் கோப்பில்தான் சேர்ந்தது. விதவையான அன்றோ மணவிலக்குப் பெற்ற அன்றோ அவளுக்கென்று ஒரு பதிவும் இருக்காது. நுகர்வோர் நிதிக்கான தேசிய ஆணையம் 1972-இல் நடத்திய விசாரணையில் இத்தகைய அனுபவங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

அதன் விளைவாக வந்ததே சமக் கடன் வாய்ப்புச் சட்டம். ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு 1974 அக்டோபர் 28 அன்று அதில் கையெழுத்திட்டார். இதற்குப் பின்னால் லூசியானாவைச் சேர்ந்த லிண்டி போக்ஸ் என்ற பிரதிநிதியின் பங்கு உண்டு. அவருடைய கணவர் ஹேல் போக்ஸ் பயணம் செய்த விமானம் 1972-இல் அலாஸ்காவில் காணாமல் போனது. கணவரின் தொகுதியில் நின்று வென்று அவைக்கு வந்தவர் அவர். வங்கிக் குழுவில் மசோதாவின் வரைவைப் பார்த்தபோது, பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் பாலினமும் மண நிலையும் இல்லை என்பதைக் கவனித்தார். தன் கையாலேயே அச்சொற்களை எழுதிச் சேர்த்து, பிரதிகள் எடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். விடுபட்டது கவனக்குறைவாகத்தான் இருக்கும் என்று இதமாகச் சொன்னார். குழு ஏற்றுக்கொண்டது.

சட்டத்தைச் செயல்படுத்த மத்திய ரிசர்வ் வாரியம் வகுத்த 'ரெகுலேஷன் பி' விதிகளில் ஒன்று துணை அட்டைதாரரின் தலையெழுத்தையே மாற்றியது. ஒரு கணக்கைப் பயன்படுத்த வாழ்க்கைத் துணைக்கு அனுமதி இருந்தால், கடன் தகவல் நிறுவனங்களுக்கு அந்தக் கணக்கைப் பற்றித் தெரிவிக்கும்போது இருவருடைய பங்கும் தெரியும்படி தெரிவிக்க வேண்டும். அதாவது, கடனுக்குப் பொறுப்பில்லாத மனைவியின் கோப்பிலும் அந்தக் கணக்கின் வரலாறு ஏறும். இது பெரிய விஷயம். வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கடன் வரலாறு இப்படித்தான் பிறந்தது.

விதி வாழ்க்கைத் துணைக்காக எழுதப்பட்டது. ஆனால் துணை அட்டைதாரர் மனைவியா, மகனா, மைத்துனரா என்று வங்கிகள் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லோருடைய பெயரையும் ஒரே மாதிரி அனுப்பிவிடுகின்றன. 1989-இல் வந்த ஃபைகோ கிரெடிட் ஸ்கோர் இந்தப் பதிவுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 300 முதல் 850 வரை போகும் அந்த மதிப்பெண்ணில் தவணை தவறாமை 35 விழுக்காடு, பாக்கித் தொகை 30 விழுக்காடு, கடன் வரலாற்றின் வயது 15 விழுக்காடு. இருபது வருடம் ஒழுங்காக நடந்த ஒரு கணக்கில் துணையாகச் சேர்ந்தவருக்கு, ஒரு டாலர்கூடக் கடன் வாங்காமலே அந்த ஒழுங்கின் பலன் கிடைத்தது. தாய் தந்தை தங்கள் பழைய கார்டில் கல்லூரிப் பிள்ளையைச் சேர்த்து, கார்டை மட்டும் மேசை இழுப்பறையிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால் பரவியது.

பின்னர் வியாபாரிகள் நுழைந்தார்கள். நல்ல கணக்கு வைத்திருப்பவரையும் மோசமான ஸ்கோர் உள்ள முன்பின் தெரியாதவரையும் இணைத்து, சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர்வரை கட்டணம் வாங்கினார்கள். வாடகைக்கு வந்த நற்பெயரைக் காட்டிச் சிலர் வீட்டுக்கடனும் வாங்கினர். இதைத் தடுக்க ஃபைகோ நிறுவனம் 2007-இல் ஒரு முடிவை அறிவித்தது: புதிய 'ஃபைகோ 08' கணிப்பில் துணை அட்டைக் கணக்குகள் அடியோடு விலக்கப்படும். மோசடியை வெட்டப் போய் 1974-இன் பலனையும் சேர்த்து வெட்டும் முடிவு அது. கணவரின் கணக்கு வழியாக மட்டுமே கடன் வரலாறு பெற்றிருந்த பெண்களுக்கு ஒரே நாளில் கோப்பு வெறுமையாகியிருக்கும். எதிர்ப்பு எழுந்தது, சமக் கடன் வாய்ப்புச் சட்டம் நினைவூட்டப்பட்டது. 2008-இல் நிறுவனம் பின்வாங்கி, உண்மையான துணை அட்டைதாரரையும் விலைக்கு வந்தவரையும் பிரித்தறியும் உத்திகளைக் கணிப்பில் சேர்ப்பதாகச் சொன்னது.

இளைஞர்களைத் துணை அட்டையை நோக்கித் தள்ளியது இன்னொரு சட்டம். 2009 மே மாதம் ஒபாமா கையெழுத்திட்ட கிரெடிட் கார்டுச் சட்டப்படி, 21 வயது நிறையாதவருக்குச் சொந்தமாகக் கடனைக் கட்டும் வருமானமோ, வயது வந்த ஒருவரின் உத்தரவாதமோ இல்லாமல் கார்டு தரக்கூடாது. துணை அட்டைக்கு இந்தத் தடை இல்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் 13 வயதுப் பிள்ளைக்கே கொடுக்கலாம்.

துணை அட்டைதாரர் எதைப் பெறுகிறார், எதைப் பெறுவதில்லை என்ற குழப்பம் 2019 நவம்பரில் உலகறிய வெடித்தது. மென்பொருள் வல்லுநர் டேவிட் ஹைன்மெயர் ஹான்சன், தானும் மனைவியும் கூட்டாகவே வரி கட்டியும், ஆப்பிள் கார்டில் தனக்கு மனைவியைவிட 20 மடங்கு கடன் வரம்பு கிடைத்ததாக ட்விட்டரில் எழுதினார். ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் தன் வீட்டில் 10 மடங்கு வித்தியாசம் என்றார். நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை விசாரித்து 2021 மார்ச்சில் அறிக்கை தந்தது. கார்டை வழங்கிய கோல்டுமேன் சாக்ஸ் வங்கி பாலினப் பாகுபாடு காட்டியதற்கு ஆதாரமில்லை என்றது அது. அறிக்கையின் இன்னொரு பகுதியே துணை அட்டைதாரர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது: கணவரோடு கார்டுகளைப் பகிர்ந்துகொண்டவர்கள், தங்களுக்கும் அதே நிபந்தனைகள் கிடைக்கும் என்று நம்பியிருந்தார்கள், ஆனால் துணை அட்டைதாரரைக் கணக்குக்கு உரியவருக்குச் சமமாக மதிக்க வேண்டிய கட்டாயம் கடன் தருபவருக்கு இல்லை. அடுத்த மாதமே ஆப்பிள், கணவன் மனைவி இருவரும் சம உரிமையாளராக இருக்கும் குடும்பக் கார்டு வசதியை அறிவித்தது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு நெறிமுறைகள் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கின்றன: ஆட்-ஆன் கார்டின் பொறுப்பு முதன்மை அட்டைதாரருடையது. துணை அட்டைக்குத் தனி வரம்பு வைக்கும் வசதியை இங்கே பல வங்கிகள் தருகின்றன. பெற்றோருக்கோ கல்லூரி விடுதியில் இருக்கும் பிள்ளைக்கோ கார்டு எடுக்கும்போது அதை முதல் வேலையாகச் செய்வது நல்லது. 2024-இல் வந்த 'யூபிஐ சர்க்கிள்' இதே எண்ணத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. ஒருவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்த ஐந்து பேர்வரை அனுமதிக்கலாம். முழு அனுமதி பெற்றவரும் மாதத்துக்கு 15,000 ரூபாயையும் ஒரு தடவைக்கு 5,000 ரூபாயையும் தாண்ட முடியாது. அலபாமாக்காரர் வாயால் சொன்ன வரம்பு இதில் செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

உறவு கசந்தால் துணை அட்டையை நீக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மரணம்தான் சிக்கலானது. முதன்மை அட்டைதாரர் இறந்த பிறகு துணை அட்டையைத் தேய்ப்பது தவறு. பழைய பாக்கியை இறந்தவரின் சொத்திலிருந்தே வங்கி கேட்க வேண்டும்; வசூல் ஆட்கள் அழைத்தாலும் துணை அட்டைதாரர் தன் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மட்டும் தம்பதியின் சொத்து பொதுச்சொத்து என்பதால் வாழ்க்கைத் துணையின் நிலை மாறக்கூடும்.

1979 மே மாதம் கணவரை இழந்த ஒரு பெண்மணி, இரண்டு மாதம் கழித்துக் கடையில் தன் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் துணை அட்டையை நீட்டினார். அது 1966-இல் கணவரின் கணக்கில் வாங்கியது. தன் செலவுகளுக்குத் தானும் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டே வாங்கியிருந்தார். தொலைபேசியில் நிறுவனத்தாரிடம் பேசச் சொன்னார்கள். பேசியபோதுதான், கணவர் இறந்ததால் தன் கணக்கு ரத்தாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. புதிதாக விண்ணப்பித்து வேறு கார்டு வாங்கினார், வழக்கும் தொடுத்தார். 1982-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: கடனைக் கட்ட இயலாதவர் என்பதற்குச் சான்று இல்லாமல், மண நிலை மாறியதை மட்டுமே காரணமாக்கிக் கணக்கை மூடியது சமக் கடன் வாய்ப்புச் சட்டத்துக்கு முரண். அவரை அந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்தியது, கடனுக்குத் தானும் பொறுப்பு என்ற அந்த ஒப்புதல்தான். இன்றைய துணை அட்டைதாரர் பெரும்பாலும் அப்படி எதிலும் கையெழுத்திடுவதில்லை. கணவரின் மரணச் சான்றிதழ் வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் கையில் உள்ள கார்டு நின்றுவிடும், அடுத்த கார்டுக்குத் தன் பெயரில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.