பெட்டி திறந்த வரலாறு

2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் பூட்டப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தவாறே இணையவழியாகப் பாடங் கேட்ட நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எமது மன்றத்து வாசிகசாலையில் அக்காலத்தில் ஒரேயொரு ரவுட்டர்ப் பெட்டி இருந்தது. சூழவுள்ள நாலைந்து வீட்டுப் பிள்ளைகளும் அதன் அலையைப் பற்றியே பாடங் கேட்டனர். ஒரு வீட்டில் எவரேனும் ஒரு படக்காட்சியை ஏற்றத் தொடங்கினால், மற்ற வீட்டில் ஆசிரியரின் குரல் அறுந்தறுந்து விழும். விற்றவரிடம் முறையிட்டபோது, "அது பழைய மாதிரி; கம்பனியார் அதைக் கைவிட்டுவிட்டார்கள்; புதிது வாங்குங்கள்" என்பதே மறுமொழியாயிற்று.

மன்றத்து இளைஞர் இருவர், அப்பெட்டியின் உள்ளிருந்த மென்பொருளை அகற்றிவிட்டு, பல நாட்டுத் தொண்டர்கள் ஆக்கி விலையின்றி வெளியிட்ட வேறொன்றை ஏற்ற முற்பட்டனர். முதல் முயற்சியிலேயே பெட்டி உயிரற்றுப் போயிற்று. விளக்கு ஒன்றேனும் எரியவில்லை. பிறகு, மருதமுனையிலே கைத்தொலைபேசி திருத்தும் நானா ஒருவர் அதன் மூடியைக் கழற்றி, உட்பலகையிலே மூன்று கம்பிகளைப் பற்றவைத்து, கணினியோடு தொடுத்து, இரவு நெடுநேரம் உட்கார்ந்து எழுப்பித் தந்தார். கூலி கொடுக்கப்போனால் வாங்கவில்லை. "காசு கிடக்கட்டும் தம்பி, இதுக்குள்ள என்னத்தப் போட்டீங்க எண்டு எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்க" என்றார். மறுநாள் தொடக்கம் ஆசிரியரின் குரல் அறவில்லை.

அப்பெட்டிக்குள் இட்ட பொருள் எங்கிருந்து வந்தது, அதனைத் திறந்தவர் யாவர், திறக்கும் உரிமை எவ்வாறு கிடைத்தது என்பவற்றையே இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம்.

ரவுட்டர் என்பது வெறும் கம்பியும் விளக்குமன்று. அஃது ஒரு சிறு கணினி. அதற்கும் மூளையுண்டு, நினைவுண்டு. பெட்டியோடு பிறந்து, மின்சாரம் அற்றாலும் அழியாது அதனுள் நிலைத்திருந்து, அதனை இயக்கும் மென்பொருளுக்கு இக்காலத்தார் நிலைபொருள் என்று பெயரிட்டுள்ளனர். நல்ல பெயர்தான். 1930களிலே சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எமக்கு அயலூர். ஆதலின் ஒரு புதுச் சொல்லைக் கண்டால் எடைபோட்டுப் பார்ப்பது எமக்கு வழக்கமாய்விட்டது. ரவுட்டருக்கு மட்டும் ஊரார் வாயில் நிலைத்த தமிழ்ப் பெயர் இன்னும் வாய்க்கவில்லை. அதனை அவ்வாறே விடுத்தோம்.

இவ்வரலாற்றின் வேர் ரவுட்டரில் இல்லை. ஓர் அச்சுப்பொறியிலே உள்ளது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. கல்விக்கூடத்திற் பணியாற்றிய றிச்சட் ஸ்ரோல்மன், தம் ஆய்வுகூடத்து அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றபோது, அதன் மென்பொருளைத் தாமே திருத்த விரும்பினார். அதன் மூலநிரல் வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவரிடம் இருந்தது. அவரோ, பிறருக்குக் காட்டுவதில்லை என்று கம்பனியாருக்கு எழுதிக் கொடுத்திருந்தமையால் மறுத்துவிட்டார். இம்மறுப்பு ஸ்ரோல்மனின் நெஞ்சிலே தைத்தது. 1983இல் அவர் குனூ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார், 1989இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமப் பத்திரத்தை வெளியிட்டார்.

அப்பத்திரத்தின் சாரத்தை மருதமுனைத் தறியைக் கொண்டு விளக்கலாம். ஒரு நெசவாளர் தாம் கண்ட புதிய நெசவு முறையை ஊருக்குப் பொதுவாக்குகிறார். எவரும் அம்முறையிலே நெய்யலாம், மாற்றலாம், விற்றுப் பொருளும் ஈட்டலாம். ஆனால், அம்முறையாலாகிய சேலையை விற்பவர், கேட்பவர்க்கு அதன் நெசவு முறையையும், தாம் செய்த மாற்றங்களையுஞ் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஒளித்து வைக்கலாகாது. இவ்வளவே நிபந்தனை. பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் ஆக்கத் தொடங்கிய லினக்ஸ், மறு ஆண்டிலே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. விலையற்றதும் உறுதியானதுமாகையால் கம்பனிகளும் அதனை எடுத்தாளத் தலைப்பட்டன. எடுத்தாண்டவர் எல்லாரும் நிபந்தனையைப் படித்தனரோ எனின், அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

கலிபோர்னியாவிலே லிங்க்ஸிஸ் என்றொரு கம்பனி, தாய்வானிலிருந்து குடியேறிய விக்ரர் சாவோ, ஜேனி சாவோ தம்பதியரால் 1988இல் தொடங்கப்பெற்று வளர்ந்தது. அக்கம்பனி 2002 டிசெம்பரிலே டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜீ என்ற ரவுட்டரை வெளியிட்டது. நீல முகப்பும், பின்புறம் இரண்டு கொம்புகளும் உடைய அப்பெட்டி மிகப் பெரிதும் விலைபோயிற்று. 2003இல் சிஸ்கோ என்னும் பெருங்கம்பனி, ஏறத்தாழ 50 கோடி டொலர் பெறுமதிக்கு லிங்க்ஸிஸை வாங்கிக்கொண்டது.

அவ்வாண்டு யூன் மாதத்தில் அன்ட்ரூ மிக்லாஸ் என்பார் லினக்ஸ் ஆக்குநர்களுக்கு ஒரு மடல் விடுத்தார். அந்நீலப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸே, ஆயின் அதன் மூலநிரலை லிங்க்ஸிஸ் எங்கும் வெளியிடவில்லை என்பது அதன் சாரம். ஆராயுங்கால் விசித்திரமான ஒரு சங்கிலி வெளிப்பட்டது. பெட்டியின் சிப்பினைச் செய்தது புறோட்கொம் கம்பனி. அச்சிப்பிற்கு வேண்டிய லினக்ஸ் மென்பொருள் வெளியாரைக் கொண்டு ஆக்குவிக்கப்பட்டது. அதனை வாங்கிப் பெட்டியில் இட்டது லிங்க்ஸிஸ். லிங்க்ஸிஸை வாங்கியது சிஸ்கோ. கைமாறிக் கைமாறி வந்த சரக்கோடு அதன் நிபந்தனையும் ஒட்டிக்கொண்டே வந்திருந்ததைக் கடைசியாக வாங்கியவர் அறிந்திலர்! காணி வாங்கிய பின்னர், அதனூடே ஊரார் நடக்கும் ஒழுங்கையொன்று உறுதியிலே எழுதப்பட்டிருப்பதைக் கண்டவர் நிலைதான் சிஸ்கோவின் நிலையும். சுயாதீன மென்பொருள் மன்றத்தார் வற்புறுத்தினர், உலகெங்கும் பேச்செழுந்தது, சில மாதங்களுக்குள் மூலநிரல் வெளியாயிற்று.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். பெட்டியைத் திறந்தது கம்பனியாரின் கொடையன்று. பத்திரத்தின் ஒரு வரியே. கொடையாயிருந்தால் வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா?

2004 ஜனவரியிலே, வெளிவந்த அந்நிரலை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் முயற்சி பிறந்தது. ஜெரி றோசெமா, மைக் பேக்கர் என்போர் இதன் முதல்வர். பின்னர் ஜேர்மனியைச் சேர்ந்த பீலிக்ஸ் பியற்காவு முதலியோர் வந்து சேர்ந்து, அடித்தளத்தையே புதுக்கிக் கட்டினர். வெளியீடுகளுக்கு மதுக் கலவைகளின் பெயரை இட்டு, உள்நுழைவோர்க்கு அதன் செய்முறையையும் திரையிலே காட்டுவது அக்காலத்தில் இவர்களது விளையாட்டாயிருந்தது. இந்து இளைஞர் மன்றத்து மலரில் அதற்கு மேல் விரித்தல் தகாது.

அவர்களுடைய நுட்பம் வியக்கத்தக்கது. அக்காலப் பெட்டியில் நிலையான சேமிப்பிடம் 4 மெகாபைற், வேலை நினைவு 16 மெகாபைற். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே 4 மெகாபைற்றை நிரப்பிவிடும். அச்சிறு இடத்தை அவர்கள் இரண்டாகப் பகுத்தனர். கீழடுக்கு, சுருக்கி இறுக்கிய, எழுதவொண்ணாத பகுதி. அதன்மேல் எழுதக்கூடிய மெல்லடுக்கு ஒன்று. பயன்படுத்துவோர் செய்யும் மாற்றமெல்லாம் மேலடுக்கிலேயே பதியும். பிழை நேர்ந்தால் மேலடுக்கைத் துடைத்துவிட, கீழடுக்குப் பழையபடி விளங்கும். அச்சிட்ட ஏட்டின்மேற் கண்ணாடித் தாளை வைத்து எழுதுவது போன்றது இது. இதனால், பெட்டி முழுவதையும் மாற்றாமலே வேண்டிய சிறு மென்பொருளைச் சேர்க்கவும் கழிக்கவும் இயன்றது. மற்றக் கம்பனிகளின் பெட்டிகளோ, கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கவேண்டியனவாயிருந்தன.

அவ்வாண்டு முடியும் தறுவாயிலே, டிசெம்பர் 26ஆந் தேதி, கடல் எம்மூர்களின் மேல் ஏறியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அதனை இங்கு விரித்தெழுத எமக்கு மனமில்லை. அந்நாட்களில் கொழும்பிலே இலங்கைத் தொண்டர்கள் இரவுபகலாக உட்கார்ந்து, காணாமற் போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிந்து தேடுவதற்கு சஹானா என்ற மென்பொருளை ஆக்கி, அதன் நிரலையும் பொதுவாக விட்டனர் என்பதை மட்டும் குறிப்பிடுவோம். 2005இல் பாகிஸ்தானிலே பூமியதிர்ச்சி நேர்ந்தபோது அஃது ஆங்கும் உதவிற்று. ஸ்ரோல்மன் நிறுவிய அதே மென்பொருள் மன்றம் 2006ஆம் ஆண்டிற்குரிய சமூகப் பயன் விருதை அதற்கு அளித்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் முறைமையில் எம் நாட்டார்க்கும் பங்குண்டு.

கடல்கோள் நிகழ்ந்து இரண்டு மாதங்கூட நிறையவில்லை. வடக்கே இமயச் சாரலிலே வேறொரு முயற்சி தொடங்கிற்று. 2005 ஜனவரியில் இந்திய அரசு, வீட்டிற்கு வெளியேயும் வைஃபை அலைகளை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. பெப்ரவரியிலேயே தர்மசாலாவில், இஸ்ரவேல் நாட்டவரான யாஹேல் பென்-டேவிட் என்பாரும் தோழர்களும், திபெத்திய அகதிகளின் பாடசாலைகளையும் நிலையங்களையும் இணைக்கும் வலையை விரித்தனர். மலை மறைப்பதால் ஒரு கோபுரத்திலிருந்து எல்லா இடத்திற்கும் அலை செல்லாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டிக்குச் செய்தியைக் கைமாற்றும் வகையில் வலை அமையவேண்டியிருந்தது. கடையிலே விற்கும் ரவுட்டர் அவ்வேலையை அறியாது. அவர்கள் நீலப் பெட்டியை வாங்கி, தாமே ஒழுங்கு செய்த திறந்த நிலைபொருளை ஏற்றி, மழை புகாத உறையிலிட்டுக் கூரைகளில் நிறுத்தினர். ஒரு பெட்டி மின்வெட்டால் நின்றால், மற்றவை தாமாகவே வேறு வழி தேடிக்கொள்ளும். அம்மாத முடிவில் 8 வளாகங்கள் இணைந்தன. பின்னர் 30இற்கு மேற்பட்ட பெட்டிகளும் ஏறத்தாழ 2,000 கணினிகளும் அவ்வலையிற் சேர்ந்தன. அலைவாங்கிகளிலே குரங்குகள் தொங்கி ஆடியது வேறு தொல்லை. அதற்குத் திறந்த மூலத்தில் மருந்தில்லை, இரும்பைத்தான் தடிப்பாக்கவேண்டியிருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறாது விடமுடியவில்லை. வைஃபைப் பெட்டி ஒரு செய்தியை அனுப்பினால், "கிடைத்தது" என்ற மறுமொழிக்காக மிகச் சிறு நேரமே காத்திருக்கும். வராவிடின் தொலைந்தது என்றெண்ணி மீண்டும் அனுப்பும். அயலறைக்கு இது போதும். நெடுந்தூரத்திலோ, அலை போய் மீளும் முன்னரே பொறுமை தீர்ந்துவிடும். மூடிய பெட்டியில் அந்தக் காத்திருப்பை நீட்ட வழியில்லை. திறந்த பெட்டியில் ஓர் எண்ணை மாற்றினாற் போதும். வெனிசுவேலா நாட்டு எர்மானோ பியற்றோசெமோலி என்பார் 2006இல், ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. ஏற்றிய நீலப் பெட்டிகளை இரு தலைப்பிலும் வைத்து 279 கிலோமீற்றர் தூரத்தை இணைத்தார். கல்முனையிலிருந்து கொழும்பிற்கு நேர்கோடு கீறினாலும் அவ்வளவு தூரம் வராது! மறு ஆண்டிலே, கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்து ரயர் குழுவினரின் மாற்றிய நெறிமுறையோடு 382 கிலோமீற்றர் எட்டப்பட்டது. அது யாழ்ப்பாணத்தையும் தாண்டிய தூரம். அதே குழுவினர்தாம் தமிழ்நாட்டிலே தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை அயற் கிராமத்துப் பார்வை நிலையங்களோடு வைஃபையால் இணைத்தவர்கள். கிராமத்து மூதாட்டி ஊரை விட்டகலாமலே தேனி மருத்துவரை முகம் பார்த்துப் பேசினார்.

கம்பனியார் இவற்றையெல்லாம் எவ்வாறு நோக்கினர்? 2005 இறுதியிலே லிங்க்ஸிஸ் அப்பெட்டியின் ஐந்தாம் பதிப்பிலிருந்து லினக்ஸை அகற்றி, நினைவையும் பாதியாகக் குறைத்தது. செலவு குறைந்தது, வாங்குவோர் முணுமுணுத்தனர். உடனே பழைய அமைப்பையே லினக்ஸுக்கென வேறு பெயருடன் விற்கத் தொடங்கினர். அது பல ஆண்டுகள் விலைபோயிற்று. இருந்தும், வேறு பல பெட்டிகளின் நிரலை முறைப்படி கொடுக்கவில்லையென 2008 டிசெம்பரில் மென்பொருள் மன்றம் சிஸ்கோமீது வழக்கிட்டது. அது 2009 மேயிற் சமாதானமாக முடிந்தது.

வாசிகசாலையில் ஆசிரியரின் குரல் ஏன் அறுந்தது என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே விடையுண்டு. கூட்டுறவுக் கடை வரிசையில் ஒருவர் நாற்பது மூடைக்கு வந்து நின்றால், ஒரு கொத்து அரிசிக்கு வந்தவரும் அவர் பின்னே காயவேண்டும். பெட்டிகள் இவ்வாறு அளவுகடந்த நீள வரிசையைத் தமக்குள் வைத்திருந்தன. 2011 அளவில் ஜிம் கெற்றிஸ், டேவ் ராற் முதலானோர் இக்குறையை எடுத்துக்காட்டினர், ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி.யையே சோதனைக்கூடமாகக் கொண்டு, ஒவ்வொருவர்க்கும் தனி வரிசையும், தேங்கியதைக் கழிக்கும் ஒழுங்கும் உடைய முறையைத் தேர்ந்து நிலைநாட்டினர். 2018இல் அஃது இணைய நெறியாவணமாகவும் வெளியாயிற்று. கைவிடப்பட்ட எமது பெட்டியில் நானா எழுப்பிவிட்டது இம்முறையைத்தான்.

இடையிலே ஆபத்தும் வந்தது. ரவுட்டர்கள் குறித்த அலைவரிசைகளைக் குழப்பலாகாதென அமெரிக்கத் தொடர்பாணைக்குழு விதித்த விதியைக் காட்டி, 2016இல் ரி.பி. லிங்க் கம்பனி தன் பெட்டிகளில் வேற்று நிலைபொருள் ஏறாதவாறு பூட்டிற்று. அதே கம்பனி, அனுமதித்ததிலும் மிகுந்த அலைவலுவிற்காக அவ்வாண்டு ஆகஸ்டில் 200,000 டொலர் கட்ட நேர்ந்தபோது, திறந்த நிலைபொருளுக்கு இடமளிக்கும் வழியை ஆராயவும் உடன்பட்டது. தொண்டர்களுக்குள்ளேயும் அவ்வாண்டு பிளவேற்பட்டு, ஒரு பகுதியார் லீட் என்ற பெயருடன் பிரிந்துபோயினர். 2018 ஜனவரியில் மீண்டும் ஒன்றுகூடினர். மன்றங்களை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பொன்றுமிராது.

2024 நவம்பரில் இவ்வியக்கத்தார் தம் பெயரிலேயே ஒரு ரவுட்டரை வெளியிட்டனர். அதனுள் நிலைபொருளுக்கு இரண்டு தனித்தனிச் சேமிப்பிடங்கள் உள்ளன; ஒன்று கெட்டால் பின்புறத்து ஆளியைத் தட்டி, மற்றதிலிருந்து உயிர்ப்பிக்கலாம். கம்பி பற்றவைக்கும் வேலையில்லை.

எமது பெட்டியும் முதுமையடைந்துவிட்டது. அதன் சேமிப்பிடம் 8 மெகாபைற்றே. புதிய வெளியீடுகள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டுதான் நுழைகின்றன. வரும் ஆண்டு வேறொன்று வாங்கவேண்டும். எதை வாங்கலாமென்று நானாவிடம் கேட்டதற்கு, விலையைச் சொல்லமுன்னர், அந்த மாதிரி திறந்த நிலைபொருட் பட்டியலில் இருக்கிறதா என்று அவரே தேடிப் பார்த்தார்.