இருட்டைப் பார்க்கும் கண்ணாடிக்கு வியர்த்தால்...

மார்கழி விடியலில் ஆரணி டீக்கடையில் கிளாசை வாயருகே கொண்டுபோனாலே என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். சட்டை நுனியில் துடைத்தால் தீர்ந்தது. எல்லையில் இரவுக் காவல் நிற்கும் சிப்பாயின் நைட் விஷன் கருவிக்கு இப்படி ஆனால்? "காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்காதீர்கள். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். நம் பக்கத்துப் பிள்ளைகள் பிடிக்கிற கருவி அது.

லென்ஸுக்கும் ஈரத்துக்கும் பகை பழையது. இரண்டாம் உலகப்போரில் நியூகினி காடுகளில் பைனாகுலர்களுக்குள் ஈரம் புகுந்து பூஞ்சணம் படர்ந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மெர்தியோலேட் என்ற பாதரச மருந்தைக் கருவிக்குள் சேர்த்து அதைத் தடுத்தார்கள். 1945-ல் ஒகினாவாவில் அமெரிக்கர்கள் அகச்சிவப்பு விளக்கு பொருத்திய துப்பாக்கிகளோடு இறங்கினார்கள். இரவில் பார்க்கும் கருவி போருக்கு வந்த காலம் அது.

பூஞ்சணத்துக்கு மருந்து சரி, மூட்டத்துக்கு? உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடினார்கள். உள்ளே நீராவியே இல்லாவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் எது படியும்? இன்றைய நைட் விஷன் கருவிகளிலும் இதே முறைதான். நம் நாட்டில் இவற்றைச் செய்யும் பி.ஈ.எல். தொழிற்சாலைகளில் ஒன்று, வங்கக் கடலோர மச்சிலிப்பட்டினத்தில் 1926-ல் தொடங்கிய ஆந்திரா சயின்டிபிக் கம்பெனி. 1983-ல் பி.ஈ.எல். அதை எடுத்துக்கொண்டது.

ஆக, உள்மூட்டம் ஒழிந்தது. வெளிமூட்டம் ஒழியவில்லை! கண் வைக்கும் லென்ஸ் குளிர்ந்திருக்கும். ஒரு விரற்கடை தூரத்தில் சூடான முகம், வியர்வை, மூச்சு. இதற்காக அந்த லென்ஸ் மேல் மாட்ட, பூச்சுப் பூசிய தனிக் கண்ணாடி வில்லை வந்தது. மற்றதெல்லாம் சிப்பாயின் பழக்கம்தான். பனியிலிருந்து சூடான பதுங்குகுழிக்குள் வந்ததும் கருவியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது; பையோடு மெல்லச் சூடேற விடவேண்டும். விரலால் துடைத்தால் லென்ஸ் பூச்சு கெடும்.

இதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று. பகலில் கண்ணாடி மங்கினால் உடனே தெரிந்துவிடும். இரவில் கருவிக்குள் எல்லாம் மங்கலாகத் தெரியும்போது, பனி எதிரே இருக்கிறதா, லென்ஸில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? 1999 கார்கில் போரில் டோலோலிங், டைகர் ஹில் சிகரங்களில் நம்மவர்கள் இருட்டில்தான் ஏறினார்கள். அப்படி ஒரு சரிவில் அந்தச் சந்தேகம் வந்தால்?

டீக்கடையில் எனக்கு அரை நிமிட எரிச்சல். அங்கே அந்த அரை நிமிடம் ஓர் உயிர்.