கந்தலும் பாசியும்: மலிவான அழகு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

'விண்டேஜ்' என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் கிடையாது. இதை வெறும் அகராதிப் பிரச்சினையாக ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சொல் திராட்சை அறுவடையிலிருந்து வந்தது. ஆண்டு ஏற ஏற மதிப்பு ஏறும் மதுவைக் குறித்தது. பிறகு உடைக்கும் ஒட்டிக்கொண்டது. நம்மிடம் பிறர் உடுத்திக் கழித்த துணிக்குச் சொற்கள் ஏராளம். பழந்துணி, கந்தல், கிழிசல் என்று எதை எடுத்தாலும் இழிவு ஏற்றப்பட்ட சொல்லாகவே இருக்கிறது. கண்ணாடி மணிக்கும் இதே கதிதான். 'பாசிமணி விக்கிறவ' என்று ஒருத்தியைச் சொன்னால் தொழிலை மட்டுமா சொல்கிறோம்?

இன்று ராஜா அண்ணாமலைபுரத்திலும் அதைச் சுற்றியும் நடக்கிற வார இறுதி விற்பனைகளில் பழைய புடவையை வெட்டித் தைத்த கவுனும், கையால் செய்த கண்ணாடி மணிக் கழுத்தணியும் கிடைக்கின்றன. நானும் போகிறேன், வாங்குகிறேன். தங்கத்தின் விலைக்கு ஒரு கிராம்கூட வாங்க வக்கில்லாதவர்களுக்கு நீலக் கண்ணாடி மணியில் வெயில் பட்டுத் தெறிப்பது சும்மா கிடைக்கிற சந்தோஷம். இந்தச் சந்தோஷத்தை 'நுகர்வியம்' என்ற ஒற்றைச் சொல்லால் அடித்து மூட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது யாருக்கு எப்போதிலிருந்து சந்தோஷமாயிற்று, யாருக்கு இது தண்டனையாக இருந்தது என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதது. எஞ்சிய உணவும் பழைய உடையும் சூத்திரனுக்கு. சண்டாளருக்கோ பிணத்தின் மேலிருந்த துணிதான் உடுப்பு, அணிகலன் இரும்பில். அதாவது, பழைய உடை ஓர் ஏழ்மை நிலை மட்டுமல்ல, விதிக்கப்பட்ட குறி. உடல் மேல் எழுதப்பட்ட சட்டம். தீபாவளிக்குப் புதுசு எடுத்த கையோடு பழசை வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் 'உன் பொண்ணுக்கு ஆகும், வச்சுக்கோ' என்று தருகிற நம் வீடுகளின் பழக்கத்தில் அந்தச் சட்டத்தின் எச்சம் எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சுலபமல்ல. வாங்கிக்கொள்கிறவர் அதைப் பிரித்தறிந்தே வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தானமாகப் போகாத பழந்துணிக்குச் சென்னையில் வேறொரு பொருளாதாரமும் இருந்து வந்தது. தலையில் கூடையோடு வந்து 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று கூவுகிறவர்கள். நாலு பேன்ட், ஆறு சட்டை, ஒரு டெரிகாட்டன் புடவைக்கு ஓர் எவர்சில்வர் டபரா. பேரம் ஒரு மணி நேரம் ஓடும். பட்டுப்புடவைக்காரர் தனி ரகம். அவர் பார்ப்பது பட்டையல்ல, சரிகையை. பழைய அசல் சரிகை என்றால் வெள்ளி இழை, மேலே தங்க முலாம். புடவையை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரிப்பார்கள். இன்று கண்காட்சியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டக்கூடிய எத்தனையோ காஞ்சிபுரப் புடவைகள் இப்படி வெள்ளி விலைக்குச் சாம்பலாகிப் போயின. அதில் நெய்தவனின் உழைப்புக்கு என்ன விலை போட்டார்கள்? ஒன்றுமில்லை. உலோகத்துக்கு மட்டும்தான் விலை. நம் மத்தியதர வர்க்கத்தின் மதிப்புக் கோட்பாடு முழுவதும் இந்தச் சாம்பலில் இருக்கிறது.

கண்ணாடி மணி இந்தக் கோட்பாட்டுக்குள் அடங்காத பொருள். மண்ணும் நெருப்பும்தான் அதன் மூலப்பொருள். உருக்கி எடுக்க உலோகம் கிடையாது. உழைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மணல். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அவர் தேடியது ரோமானியரை. ரோமானிய மண்பாண்டம் கிடைத்தது, காலம் கணிக்க உதவியது, பாடப்புத்தகத்தில் இடம் பிடித்தது. கூடவே வண்டி வண்டியாகக் கிடைத்த கண்ணாடி மணிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சின்னச் சின்ன ஒற்றை நிற மணிகள். பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. பின்னால் பீட்டர் ஃப்ரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா வழியாகக் கொரியா வரைக்கும் இவை பரவியிருந்ததைக் காட்டினார். ரோமிலிருந்து நமக்கு என்ன வந்தது என்ற கேள்வி, இங்கிருந்து என்ன போனது என்று திரும்பிக்கொண்டது. பழனிக்கருகே பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் வந்தன. கீழடியிலும் வந்தன. ஆனாலும் நம் தமிழ்ப் பெருமிதச் சொல்லாடலில் எழுத்துப் பொறித்த பானையோட்டுக்கு இருக்கிற இடம் பாசிமணிக்கு இல்லை. எழுத்து அறிவாம், மணி சிங்காரமாம்!

செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். இது அறிவா இல்லையா என்று வாசிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும். உருகிய கண்ணாடிக் கட்டியை நீண்ட இரும்புக் குழலின் நுனியில் கூம்பு மாதிரி திரட்டி, உள்ளே கம்பியைச் செலுத்திப் பொள்ளலாக்கி, உலை வாயிலிருந்து ஒருவர் கொக்கியால் இழுத்துக்கொண்டே இருப்பார். கட்டி, நடுவில் துளையுள்ள மெல்லிய குழாயாக நீளும். துளை அடைபடாமல், குழாய் அறாமல், கனம் மாறாமல் மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். பிறகு குழாயைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பு கழுத்தை அறுக்கும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றி முனை மழுங்கச் செய்வார்கள். துளைக்குள் சாம்பல் இருப்பதால் அது மூடிக்கொள்ளாது. இந்த முறையை ஃப்ரான்சிஸ் 1980களில் நேரில் பார்த்தது ரேணிகுண்டா பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில். சென்னையிலிருந்து ரயிலில் மூணு மணி நேரம். அரிக்கமேட்டுக்கும் அதற்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டு. இந்த நீட்சிக்கு மடமோ, பரம்பரைப் பாட்டோ, சாகித்திய விருதோ எதுவும் காவல் நிற்கவில்லை. உலை மட்டும் அணையாமல் இருந்தது.

அரிக்கமேட்டில் வீலர் கண்ட செங்கல் தொட்டிகளை அவர் துணிச் சாயத் தொட்டிகள் என்று ஊகித்தார். பின்வந்தவர்கள் அதைச் சந்தேகித்தார்கள். அது எப்படியிருந்தாலும், துணியும் மணியும் ஒரே கரையிலிருந்து கப்பலேறின என்பதில் சந்தேகமில்லை. இந்தக் கப்பல்களின் பிற்காலக் கதை இனிப்பானதல்ல. சோழமண்டலக் கரையின் நீலத்துணிக்கு ஐரோப்பிய வணிகர்கள் 'கினி' என்று பெயர் வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெயர். அங்கே அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் நம் துணி முக்கியமானது. வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணியும் அதே சந்தையில் அதே காரியம் செய்தது. புதுச்சேரியின் நீலத்துணி செனகல் பகுதியில் பிசின் வியாபாரத்துக்கு நாணயமாகவே புழங்கியது. 'மலிவான' துணி, 'மலிவான' மணி என்று நாம் சொல்லும்போது அந்த மலிவில் மனிதர்களின் விலையும் ஒரு காலத்தில் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆனால் வாங்கியவர்கள் வெறும் கைப்பாவைகளாக இருந்துவிடவில்லை. 1786இல் லூசியானாவில் ஸ்பானிய ஆளுநர் மிரோ, கறுப்புப் பெண்களும் கலப்பினப் பெண்களும் சிங்காரித்துக்கொள்வது அளவு மீறிப் போகிறது என்று தலையில் துணி கட்ட உத்தரவிட்டார். அந்தப் பெண்கள் கட்டினார்கள். பளிச்சென்ற மெட்ராஸ் கட்டத்துணியில், ஆளுநர் நொந்துகொள்கிற அழகில். நைஜீரியாவின் கலபாரி மக்கள் நம் கட்டத்துணியை 'இஞ்சிரி' என்றார்கள். நூல்களை அறுத்து உருவி அதில் தங்கள் கோலத்தை உண்டாக்கினார்கள்.

அதே கட்டத்துணி 1958இல் அமெரிக்காவுக்கு ஆடையாகப் போய்ச் சிக்கலில் மாட்டியது. கிருஷ்ணன் நாயர் (பின்னால் லீலா ஹோட்டல்களை நிறுவியவர்) சொல்லி வழங்குகிற கதை இது: அவரிடம் வாங்கிய ஜேகப்சன் என்ற இறக்குமதியாளர், பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்பதைச் சொல்லாமலே ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றுவிட்டார். மெஷினில் போட்டதும் சாயம் ஒன்றோடொன்று ஓடிவிட்டது. வழக்குப் போடும் அளவுக்குப் போன விஷயத்தை விளம்பரம் காப்பாற்றியது: சாயம் போவது குறையல்ல, அதுதான் அசல் கைத்தறிக்கு அடையாளம், 'பிளீடிங் மெட்ராஸ்', அதாவது ரத்தம் சிந்தும் மெட்ராஸ், சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம். சாயம் போகுதேன்னு துணிக்கடைக்காரனோடு சண்டை போடுகிற ஊரின் பெயரால் இது விற்றது. அந்த 1960களின் சட்டைகளும் கவுன்களும் இன்று அங்கே 'விண்டேஜ்' கடைகளில் வெளுத்த அழகுக்காகவே தேடப்படுகின்றன. குறிப்பான் எவ்வளவு லேசாகக் கட்சி மாறுகிறது பாருங்கள். ஆனால் சாயம் தோய்த்தவரின் கூலி அந்தக் கட்சி மாற்றத்தில் சேரவில்லை.

இங்கே நம் பக்கத்துக் கதைக்கு வர வேண்டும். நான் குடியிருக்கும் பகுதிக்குப் பெயர் தந்த அண்ணாமலை செட்டியாருக்கு 'ராஜா' பட்டம் கிடைத்ததும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் 1929இல். செட்டிநாடு அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே ஜில்லாவில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. 1931 சென்சஸ் கமிஷனர் ஹட்டன் இதை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பட்டியலை வாசித்த பிறகு, அந்தச் சீமையின் கண்டாங்கிச் சேலையை (2019இல் புவிசார் குறியீடு பெற்றது) 'காலத்தால் அழியாத எளிமை' என்று விற்கிற விளம்பரத்தை என்னால் நேராகப் படிக்க முடிவதில்லை. எளிமை யாருக்குத் தேர்வு, யாருக்குக் கட்டளை?

தெற்கே, தோள்சீலைக்காக 1820களிலிருந்து நாடார் பெண்கள் அடிபட்டார்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற வால் ஒட்டியே இருந்தது. கண்ணாடி மணியின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1915இல் கொல்லத்தில் நடந்தது. புலையர் பெண்கள் கல்லும் கண்ணாடியும் கோர்த்த மாலைகளையே அணிய வேண்டும், அதுதான் அவர்களது சாதியின் குறி என்பது வழக்கம். பெரிநாட்டில் அதை மறுத்ததற்குக் கலவரம் நடந்தது. அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில், ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள், பெண்கள் தங்கள் கல்லுமாலைகளை அறுத்து வீசினார்கள். குவியலாகக் கிடந்ததாம் மணிகள். மஹாத்தில் 1927 டிசம்பரில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோதும் இதையே சொன்னார்: சேலை கட்டும் விதத்தை மாற்றுங்கள், சாதி சொல்லும் நகைகளைக் கழற்றுங்கள்.

பெரியார் நகையையே வேண்டாமென்றவர். கூந்தலை வெட்டு, சட்டை போடு என்று சொன்னவர். நம் இயக்கத் தோழர்கள் பலர் இந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு அலங்காரம் என்றாலே அடிமைத்தனம் என்கிறார்கள். ஆனால் கொல்லத்தில் கழற்றியதும் ராமநாதபுரத்தில் அணியத் துணிந்ததும் ஒரே அரசியல்தான். எதை அணிவது என்பதல்ல சிக்கல். யார் தீர்மானிப்பது என்பது. பத்துப் பவுனைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்படுகிற கல்யாணப் பெண் பாசிமணிக்கு மாறுவதும் விடுதலையின் ஒரு துளியாக இருக்கலாம். அதே பாசிமணியை அறுத்தெறிந்தவளின் பேத்தி அதைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். இருவருக்கும் ஒரே ரசனைப் பாடம் நடத்த முடியாது.

மயிலாப்பூர் மாடவீதிகளிலும் கடற்கரைகளிலும் மணி விற்கிற நரிக்குறவர்களைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. வாக்ரி போலி பேசும் இவர்கள் வேட்டையாடியவர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கி போய்ப் பாசியும் ஊசியுமே பிழைப்பாக மிஞ்சின. சினிமா இவர்களுக்கு ஒரு வேஷம் தைத்து வைத்திருக்கிறது. 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேஷத்தில் ஆடினார்கள், தமிழ்நாடே ரசித்தது. வேஷத்துக்குக் கிடைத்த வரவேற்பு ஆளுக்குக் கிடைக்கவில்லை. 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவப் பெண் விரட்டப்பட்டார். அவர் பேசிய வீடியோ பரவிய பிறகே அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், முதலமைச்சர் பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். 2023 மார்ச்சில் கையில் டிக்கெட் இருந்தும் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலில் ஒரு குடும்பம் தடுக்கப்பட்டது. இதற்கு மூன்றே மாதம் முன்னால்தான் நாடாளுமன்றம் இவர்களைப் பட்டியல் பழங்குடியில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியிருந்தது.

விற்பனை மண்டபத்தில் மேசை போட்டு, வெள்ளை அட்டையில் விலை எழுதி வைத்திருக்கிற மணிமாலைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. 'ஹேண்ட்மேட்' என்ற சொல்லே விலையை நியாயப்படுத்திவிடுகிறது. மாடவீதி நடைபாதையில் சாக்கு விரித்துக் கோர்த்துக்கொண்டே விற்கிறவளிடம் நூறு ரூபாய் மாலையை அறுபதுக்குக் கேட்கிறார்கள். அவளும் கையால்தான் கோர்க்கிறாள், நம் கண் முன்னாலேயே. சினிமா சொல்லிக்கொடுத்த 'சாமி' அவள் வாயில் வருவதில்லை. 'நூறுதான்க்கா, மணி எண்ணிப் பாரு' என்கிறாள். தேய்ந்த ஊசி, தூண்டில் நரம்பு, இரண்டு முடிச்சு, முடிச்சின் நுனியைப் பீடி நெருப்பில் ஒரு பொசுக்கு. அடுத்த மாலைக்குக் கை போய்விடுகிறது.