பொம்மையா, அலங்காரப் பொருளா? ‘பிப்லோ’ என்னும் சொல்லும் சன்னபட்டணமும்

மேசையிலும் கண்ணாடிப் பேழையிலும் வைத்து அழகு பார்க்கப்படும் சிறு பொருளைப் பிரெஞ்சு மொழி ‘பிப்லோ’ என்கிறது. ஆங்கிலமும் அச்சொல்லைக் கடனாகப் பெற்றுள்ளது. அழகைக் குறிக்கும் ‘பெல்’ என்னும் சொல், மழலைப் பேச்சிற்போல இரட்டித்துப் பிறந்த பழம்பிரெஞ்சு வடிவமே இதன் மூலம் என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. இதன் உறவுச்சொல்லான ‘பேம்ப்லோ’ குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைக் குறித்தது. அதைச் செய்து விற்றவர் ‘பேம்ப்லொத்தியே’ எனப்பட்டார்.

பின்னாளில் இக்குடும்பத்துச் சொற்கள் இருவேறு வழிகளில் சென்றன. 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் ‘பிப்லோ’ செல்வர்களின் சேகரிப்புப் பொருளாயிற்று. எட்மோன் த கோன்கூர் தம் இல்லச் சேகரிப்பை அறை அறையாக விவரித்து 1881இல் இரு தொகுதிகள் வெளியிட்டார். ஆங்கிலத்தில் புகுந்த ‘பாபிள்’ என்னும் உறவுச்சொல்லோ இகழ்ச்சிப் பொருள் ஏற்றது. 1653இல் நாடாளுமன்றத்தைக் கலைத்த கிராம்வெல், அவையின் செங்கோலையே அச்சொல்லால் இகழ்ந்தார். புகழ்ச்சி, இகழ்ச்சி ஆகிய இரண்டிலும் மறைந்துபோனவர்கள், விளையாடிய குழந்தையும் செய்த கைவினைஞருமே.

இம்மறைவின் பொருளை உணரப் பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள சன்னபட்டணத்தை நோக்கலாம். பாரசீகக் கைவினைஞரைத் திப்பு சுல்தான் வரவழைத்ததால் இத்தொழில் இங்கு வேரூன்றியது என்பது வழிவழிச் செய்தி. 2005-06இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னடத்தில் ‘ஆலெ மர’ எனப்படுவது இதற்குரிய மரம். அது ஆலமரமன்று, தமிழில் வெட்பாலை. கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படியும். தாழை ஓலையால் தேய்க்க மெருகேறும்.

கன்னடத்தின் ‘பொம்பெ’, ‘கொம்பெ’, தமிழின் ‘பொம்மை’ ஆகியன ‘பேம்ப்லோ’வுடன் ஒலியால் ஒத்தாலும் இவற்றிடையே பிறப்புறவு கற்பித்தல் தகாது. உதட்டொலிகள் குழந்தைகளுக்கு எளியன. ஆதலின் இவ்வகை ஒப்புமை பல மொழிகளில் தற்செயலாகவே அமையும். ஒப்பிடத்தக்கது ஒலியன்று, பொருளின் போக்கு. நம் மொழிகளில் இச்சொற்கள் இன்றும் விளையாட்டை விட்டு நீங்கவில்லை. தமிழின் ‘சொப்பு’ம் அத்தகையதே, அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகள் குழந்தையின் சமையலறைக்கென்றே செய்யப்படுவன.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பேழையில் இருக்கும் பொருளைக் கண் மட்டுமே தீண்டும். பொம்மையைக் குழந்தை வாயில் வைக்கும், தரையில் எறியும். ஆகவேதான் அதன் விளிம்பு மழுங்கியிருத்தலும், அரக்கில் கலக்கும் வண்ணம் நஞ்சற்றிருத்தலும் இன்றியமையாதன. மஞ்சள் போன்ற தாவர வண்ணங்களின் மதிப்பு அங்கேதான் வெளிப்படும். பொம்மை அலங்காரப் பொருளாகப் பெயர் மாறும்போது, இவ்வறிவைக் கேட்டு வாங்குவோர் குறைவர். கேட்பாரற்ற அறிவு பட்டறையிலும் நிலைக்காது. பிரெஞ்சுச் சொல் தன் குழந்தையை இழக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. நெடுஞ்சாலைக் கடையின் பெயர்ச்சீட்டு அதனை ஒரு தலைமுறையிலேயே செய்துவிடக்கூடும்.