துவக்கின் குதிரை

எங்கட மூத்தாப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது. ஒற்றைக்குழல், போர 12 ரகம். பல கை மாறி வந்த பழசு. இருந்த காசுக்கு அதுதான் கிடைத்ததாம். பிடியில் ஒரு வெடிப்பு, அதைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். கல்முனைக்கு மேற்கே வட்டையில் வேளாண்மை கதிராகும் காலத்தில் இரவுக் காவலுக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போவார். பன்றிக்கு. சாப்பிடுறதுக்கு இல்லை, வேளாண்மையைக் காப்பாத்துறதுக்கு.

நான் அந்தத் துவக்கைக் கண்டதில்லை. வாப்பா சொல்லித்தான் தெரியும். அதில் விசையை மட்டும் அமத்தினால் வெடிக்காது. முதலில் பின்னால் இருக்கும் குதிரையைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேணும். (சுத்தியல் மாதிரி விழுந்து அடிக்கிற அந்தப் பகுதிக்குத் தமிழில் குதிரை என்றுதான் பெயர்.) அதுக்குப் பிறகுதான் விசை. "ரெண்டுக்கும் இடையில ஒரு மூச்சு இருக்கு மகன், அதுக்குள்ள யோசிச்சுக்கலாம்" என்று மூத்தாப்பா சொல்லுவாராம்.

கொஞ்ச நாளைக்கு முன் மச்சான் ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் ஒருவர் மலிவு விலைக்கு ஒரு கௌபோய் ரிவோல்வர் வாங்கி, ஸ்பிரிங் மாத்தி, உரசுகிற இடமெல்லாம் தீட்டி, புதுசு மாதிரி ஆக்குகிறார். "நம்மட நாட்டில இப்படி ஏலுமா?" என்று கேட்டிருந்தான். ஏலாது. ஆனால் அந்த ரிவோல்வரும் மூத்தாப்பாவின் துவக்கும் ஒரே குடும்பம். ரெண்டிலும் ஒவ்வொரு வெடிக்கும் குதிரையைக் கையால் இழுக்க வேணும். அதனால் நான் வேறொரு கேள்வியைத் தேடிப் போனேன்: ஒரு துவக்கைத் திருத்துவது என்றால் உண்மையில் என்ன?

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் தன் ரிவோல்வருக்குக் காப்புரிமை எடுத்தார். அவரது கம்பனியின் 1873ஆம் ஆண்டு மொடல்தான் நாம் படங்களில் பார்க்கிற கௌபோய் துவக்கு. அதில் ஆறு அறை இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் ஐந்து ரவைதான் போடுவார்கள். குதிரைக்கு நேரே இருக்கும் அறையை வெறுமையாக விடுவார்கள். ஏனென்றால் துவக்கு கை தவறிக் கீழே விழுந்தால், குதிரையில் அடி பட்டு, யாரும் விசையைத் தொடாமலே வெடித்துவிடும். படத்தில் இதைக் காட்டுவதில்லை.

1953இல் ரூகர் கம்பனி அதே வடிவத்தில் சாதாரண ஆட்களும் வாங்கக்கூடிய ஒரு ரிவோல்வரை விட்டது. உடைந்துபோகும் தட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் விழுந்தால் வெடிக்கிற குணம் அப்படியே இருந்தது. ஆட்கள் காயப்பட்டார்கள், வழக்குகள் வந்தன. 1973இல்தான் உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டைச் சேர்த்தார்கள். விசையை இழுத்தால் மட்டும் அது மேலே வந்து குதிரையின் அடியை ஊசிக்குக் கடத்தும். விசையில் விரல் இல்லையென்றால் அடி ஊசிக்குப் போய்ச் சேராது. பழைய துவக்குகளுக்கும் அதை இலவசமாகப் போட்டுத் தருவதாகக் கம்பனி அறிவித்தது. 1873இலிருந்து 1973. அந்த வகைத் துவக்கில் நடந்த மிகப் பெரிய திருத்தத்துக்கு நூறு வருஷம் எடுத்தது. அந்தத் திருத்தம் நல்லாச் சுடுவதற்கு இல்லை, தேவையில்லாமல் சுடாமல் இருப்பதற்கு.

இத்தனைக்கும் ஐவர் ஜோன்சன் என்ற கம்பனி அதே யோசனையை 1890களிலேயே தன் மலிவு ரிவோல்வரில் செய்துவிட்டது. சுத்தியலால் குதிரையில் அடித்தாலும் எங்கட துவக்கு வெடிக்காது என்று விளம்பரமும் போட்டது. 1901 செப்டெம்பரில் ஒருவன் பஃபலோ நகரத்தில் அந்த ரிவோல்வர் ஒன்றை 4 டொலர் 50 சதத்துக்கு வாங்கினான். சில நாளில் அதாலேயே ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டான். மெக்கின்லி மௌத்தானார். தவறி வெடிக்காத துவக்கு அது. ஆனால் அவன் தவறிச் சுடவில்லையே. இரும்புக்குள்ளே செய்கிற திருத்தம் அவ்வளவு தூரம்தான் வரும். மிச்சத்தை வெளியே, ஆட்களுக்கு இடையில்தான் செய்ய வேணும்.

இனி நம்மட பக்கத்துக்கு வருவம்.

இந்தத் தீவு துவக்குத் தெரியாத நாடு இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடியும் முன்பே சிங்களக் கொல்லர்கள் செய்த குழல்களை மெச்சி லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதிவிட்டார். கண்டி ராச்சியத்தின் துவக்குகளை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் அடையாளம் காணலாம்: வெடிக்கும் பொறி இடது பக்கத்தில் இருக்கும், பிடி ரெண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும். வெளியிலிருந்து வந்ததை வாங்கி, தன் கைக்கு ஏற்ற மாதிரி திருத்திய மனிசர் அவர்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் அது மாறியது. 1915இல் கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் பல இடங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் போட்டார்கள். அடுத்த வருடமே, 1916இல், சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அதுக்குப் பிறகு துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேணும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேணும், செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும்கூட அனுமதி வேணும். திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. வயல்காரனுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஒற்றைக்குழல் கிடைக்கலாம். ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போக வேணும். மச்சானின் கேள்விக்குப் பதில் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சட்டத்துக்கு வெளியே இன்னொரு மலிவுத் துவக்கும் உண்டு. கட்டுத்துவக்கு. ஒரு குழல், கொஞ்சம் வெடிமருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. பன்றிக்குக் கட்டுவது. ஆனால் கம்பியில் கால் படுவது பன்றியா, விறகுக்குப் போன மனிசனா என்று அதுக்குத் தெரியாது. மூத்தாப்பா சொன்ன மூச்சு அதில் இல்லை. யோசிக்க ஆளே இல்லை.

மூத்தாப்பாவின் துவக்கு எண்பதுகளில் போய்விட்டது. ஒரு இரவு இயக்கப் பொடியன்கள் வந்து கேட்டார்கள், கொடுத்தார். வேறு என்ன செய்ய? அப்படித்தான் கிராமத்துத் துவக்குகள் நிறையப் போனது.

பிறகு 1990 வந்தது. ஓகஸ்ட் 3, காத்தான்குடியில் ரெண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேல் மௌத்து. ஓகஸ்ட் 12, ஏறாவூர். அங்கேயும் நூற்றுக்கு மேல். முஸ்லிம் ஊர்கள் பாதுகாப்புக் கேட்டன. அரசு கொடுத்தது ஊர்காவல் படை. எண்பதுகளிலேயே தொடங்கிய ஏற்பாடு அது, இப்போது பெரிதானது. கொஞ்ச நாள் பயிற்சி, கையில் ஒரு போர 12 துவக்கு. எங்கட மாமாவும் சேர்ந்தார். வயது இருபது. எத்தனையோ இரவு அவர்கள் முழித்திருந்ததால்தான் ஊர் நித்திரை கொண்டது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேணும். ஏறாவூர் நடந்த அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனையில், கோயிலில் தஞ்சம் இருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். படையினரோடு முஸ்லிம் ஊர்காவல் படையினரும் வந்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொல்கிறார்கள். 1992 ஏப்ரலில் பொலன்னறுவை அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்றார்கள். உடனேயே பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான கரப்பொல, முத்துகலையில் பழிவாங்கல் நடந்தது. அதிலும் ஊர்காவல் படையினர் இருந்தார்கள். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் வீரமுனைக்கும் நீதி இன்னும் வரவில்லை. நாங்கள் வருஷா வருஷம் ஓகஸ்ட் 3ஐ நினைவுகூர்கிறோம், கூரத்தான் வேணும். ஆனால் நம்மட ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீரமுனையைப் பற்றி நம்மட வயதுப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். "நான் அங்க போகல்ல" என்றார். அதுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குத் துவக்கு வந்தது, விசையில் விரல் இல்லாமல் அடியைக் கடத்தாத அந்தச் சின்ன இரும்பு வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மூத்தாப்பா ஒரு பன்றிக்கு வைத்திருந்த துவக்குக்கே வருஷா வருஷம் கச்சேரியில் கணக்குக் காட்டினார். இருபது வயதுப் பொடியனிடம் கொடுத்த துவக்கு எங்கே, யார் மேல் வெடித்தது என்று யார் கேட்டார்கள்?

2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஏப்ரல் 26. சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் புதுசாக வந்து இருந்தவர்கள் மேல் ஊர்ச்சனத்துக்குச் சந்தேகம் வந்தது. தகவல் கொடுத்தார்கள். அன்றிரவு துப்பாக்கிச் சண்டை, குண்டு. சின்னப் பிள்ளைகளும் செத்துப்போனார்கள், நினைக்கவே ஏலாது. ஆனால் அது இன்னொரு பள்ளியிலோ கோயிலிலோ வெடிக்கவில்லை. ஊர்ச்சனத்தின் கையில் துவக்கு இருக்கவில்லை. கண் இருந்தது, வாய் திறக்கத் தைரியம் இருந்தது.

ஒவ்வொரு முறை பிரச்சினை வரும்போதும் "நம்மட பொடியன்களிட கையிலயும் ஏதாவது இருக்கோணும்" என்று தேநீர்க் கடையில் யாராவது சொல்லுவார்கள். 1990ஐக் கண்டவர்கள் அப்படிச் சொன்னால் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை யாராவது சொன்னால் ஒன்று கேளுங்கள்: குதிரையை இழுத்த பிறகு விசையை அமத்தாமல் இருக்கச் சொல்லுவது யார்? அதுக்குப் பதில் இருந்தால் பேசலாம்.

மச்சானுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. இந்தக் கட்டுரையைத்தான் அனுப்பப் போகிறேன்.